சொட்டுகிற குழாய் யாருடையது?



நம் வத்தலக்குண்டில் குழாய் சொட்டினால் வீட்டுத் தலைவர் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார். தன் கையால் செய்வது நல்லதே. ஆனால் தேய்ந்த வாஷரை மாற்றாமல் முறுக்கிக்கொண்டே போனால் வாஷர் நசுங்கும், மரை தேயும். கோபமோ வீட்டார்மேல் பாயும்! இருந்தாலும் கூலி மிச்சமென்று நாலு நாள் தள்ளுகிறோம்.

நொடிக்கு ஒரு சொட்டென்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. ஏறக்குறைய 20 லிட்டர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்த அளவே 55 லிட்டர்தான். மிச்சம் பிடித்த கூலி நம் பையில் இருக்கிறது; ஒழுகிய நீரோ ஊருக்குப் பொதுவானதன்றோ? பக்கத்துத் தெருக் குடத்திலிருந்து எடுத்தோம் என்றே சொல்வேன்.

இரண்டு முறை முயன்றும் நிற்கவில்லையா? வால்வை மூடிவிட்டு பிளம்பரை அழையுங்கள். "ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் வேண்டாம். கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்தனுப்புங்கள்.