திரும்பி வரும் வணக்கம்

“தன்மானம் பேசுகிற நம் வீட்டுப் பிள்ளை, ஒருவர் முன்னால் இடுப்பை வளைத்துக் குனியலாமா?”

ஒரகடம் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் தோழர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. வல்லக்கோட்டையில் அவர் குடியிருக்கும் தெருவை அடுத்து ஒரு கராத்தே பள்ளி நடக்கிறது. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் சேர்ந்து பயிலலாம் என்பது அங்குள்ள ஏற்பாடு. மகளைச் சேர்க்கலாமென்று பார்க்கப் போனவர், வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் வரிசையாக நின்று ஆசானுக்குக் குனிந்து வணங்குவதைக் கண்டார், கலங்கித் திரும்பினார். காலில் விழும் பழக்கத்தைக் கண்டித்து ஊரூராகப் பேசியவர் அவர். கலக்கம் நியாயமானதே!

நானும் போய்ப் பார்த்தேன். தோழர் பார்க்கத் தவறிய ஒன்று என் கண்ணில் பட்டது. பிள்ளைகள் குனிந்த அதே நொடியில் ஆசானும் குனிந்தார். எட்டு வயதுச் சிறுமிக்கும் குனிந்தார்.

நம் நாட்டில் விழுகிறவன் விழுந்துகொண்டே இருக்கிறான். நிற்கிறவர் நின்றுகொண்டே இருக்கிறார். விழுந்தவன் எழுவதற்கும் நிற்பவரின் கையசைப்பு வேண்டும். ஏகலைவன் கதை நினைவில்லையா? கற்றுக்கொடுக்க மறுத்த துரோணர், கட்டை விரலை மட்டும் காணிக்கையாகக் கேட்க மறக்கவில்லை! ஒருவழிப் பாதையாகிப் போன வணக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சான்று எதற்கு?

அந்தக் கூடத்தின் வரிசையைப் பாருங்கள். முன்னால் நிற்பவர் மூத்தவர் அல்லர். ஆண் என்பதற்காக நிற்பவரும் அல்லர். முன்னதாகக் கற்றுத் தேர்ந்தவர். பின்னால் சேர்ந்த தந்தை மகளுக்குப் பின்னே நிற்கிறார். இருவராகப் பயிலும்போது அவளுக்கு அவர் குனிகிறார், அவளும் குனிகிறாள். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. வல்லக்கோட்டை அன்று அந்த மாவட்டத்து ஊர். மாநாட்டுப் பந்தலில் தீர்மானமாக நின்றது, வீட்டுக்குள் நுழைய இன்னமும் தயங்குகிறது. மகளுக்குத் தலைவணங்கும் தந்தையை நம் வீடுகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஆனால் அங்கே கண்ட அனைத்தையும் நான் ஏற்கவில்லை. சுவரில் மாட்டிய படத்துக்கும் ஒரு வணக்கம் போடுகிறார்கள். படம் திரும்பக் குனியுமா? (நம் மேடைகளில் படங்களுக்கு விழும் மாலைகளை எண்ணி என் நாவைச் சற்று அடக்கிக்கொள்கிறேன்.) “ஏன் இப்படி?” என்று ஒரு சிறுவன் கேட்டதற்கு, “பாரம்பரியம்” என்று விடை வந்தது. இங்கேதான் பகுத்தறிவாளன் குறுக்கிட வேண்டும்.

எது பாரம்பரியம்? ஒகினாவாத் தீவின் கலையை 1922-இல் தோக்கியோவில் செய்து காட்டியவர் ஃபுனாகோஷி. அவரும் என்னைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். 1924-இல் தம் மாணவர்க்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கினார். அதுவும் ஜூடோவை வகுத்த கானோவிடமிருந்து எடுத்துக்கொண்ட முறை. ‘சீனக் கை’ என்று எழுதப்பட்ட பெயரை ‘வெறுங்கை’ என்று எழுதுவதென 1936-இல் நாஹா நகரில் கூடிய ஆசான்கள் முடிவு செய்தார்கள். சீனத்தோடு ஜப்பான் பகைமை வளர்த்த காலம் அது! படைமுகாமின் மிடுக்கும், கேள்வி கேளாத கீழ்ப்படிதலும் ஜப்பானியக் கூடங்களில் ஊறியதும் அந்தப் போர்க்காலத்தில்தான். ஆக, காலந்தோறும் மனிதர் மாற்றிய கலை இது. மாற்றியது மனிதரென்றால், ஏன் என்று கேட்கும் உரிமை அந்தச் சிறுவனுக்கு இல்லையா?

நம் பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. “காஞ்சி இளவரசர் போதிதருமர் கொடுத்த கலையல்லவா இது!” என்று மார்தட்டுகிறார்கள். 2011-இல் வந்த ஒரு திரைப்படம் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அவரை ஷாவோலின் பயிற்சியோடு இணைக்கும் சீன நூலோ 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அவருக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக ஆதாரமில்லாத கதையை ஏற்றால், புராணிகனைக் கேள்வி கேட்க நமக்கு ஏது வாய்?

தோழரிடம் சொன்னேன்: “மகளைச் சேருங்கள். நீங்களும் சேருங்கள். ஆசான் திரும்பக் குனிகிறாரா என்று நாள்தோறும் பாருங்கள். குனிவதை அவர் நிறுத்தினாலோ, பெற்றோர் பார்க்கக் கூடாதென்று கதவைச் சாத்தினாலோ, அன்றே மகளை அழைத்து வந்துவிடுங்கள்.”

அவர் முகம் தெளிந்தது. ஆனால் மறு கேள்வி ஒன்று கேட்டார். “எனக்கு நிரந்தர வேலை, இருவருக்கும் கட்டணம் கட்டிவிடுவேன். பக்கத்து அறையில் இருக்கிறவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் மகள் சன்னலோரம் நின்று பார்க்கிறாளே?”

அரசுப் பள்ளி மாணவியர்க்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள்; மூன்று மாதம். நான்காம் மாதம் அவள் எங்கே நிற்பாள் என்று அவர் கேட்டபோது, ஆசிரியனாகிய நான் தலை குனிந்தேன்.