ஒரு பிடி சேறு

(கொல்லிமலைக் கிராமச் சபை ஒன்றின் அறுப்புப் பண்டிகை ஆராதனையில் கொடுக்கப்பட்ட தேவசெய்தியின் எழுத்து வடிவம்)

உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க. பின்னால நிக்கிற தம்பிங்க முன்னால வாங்க, பாய் காலியாத்தான் இருக்கு. அசனச் சோறு எங்கேயும் ஓடிடாது.

அறுப்புப் பண்டிகை. மிளகு, சாமை, கேழ்வரகு, காப்பிக்கொட்டை, வாழைத்தார் எல்லாம் பீடத்துக்கு முன்னால வந்திருக்கு. ஸ்தோத்திரம். யாராவது ஒரு பிடி மண் கொண்டுவந்து வச்சீங்களா? இல்லை. எல்லாத்தையும் கொடுத்ததே அதுதான், அதை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டோம்.

இப்ப வாசிச்சது விதைக்கிறவன் உவமை. விதைச்சவன் ஒருத்தன்தான், விதையும் ஒண்ணுதான். வித்தியாசம் எதுல? நிலத்துல. சத்தமாச் சொல்லுங்க, எதுல? நிலத்துல! ஆமென்.

நிலத்தைப் பத்தி ஒரு கதை சொல்றேன். உங்க தாத்தா பாட்டி வாயால கேட்ட கதைதான், இருந்தாலும் கேளுங்க. மிஷனெரி ஜெஸி பிராண்ட் ஐயா, அவர் மனைவி ஈவ்லின் அம்மா. 1913-ல கல்யாணம் முடிஞ்சு இந்த மலைக்கு வந்தாங்க. இன்னைக்கு 70 கொண்டை ஊசி வளைவுல பஸ் ஏறி வர்றோம், அதுக்கே எலுமிச்சம்பழம் கேக்கிறோம்! அவங்க வந்த காலத்துல ரோடு கிடையாது. அவங்க மகன் பால், 1914-ல பிறந்தவர், வளர்ந்தது இந்த மலையில. அம்மா பாடம் எழுதிக் கொடுத்தா மரத்து மேல ஏறி உட்கார்ந்து எழுதுவாராம். தம்பிங்களா, சிரிக்காதீங்க, அவர் எழுதி முடிச்சுட்டுத்தான் இறங்கினார்.

அந்தப் பையன் ஒருநாள் நம்ம பிள்ளைங்களோட நெல்வயல்ல தவளை பிடிக்கிறார். வயலைக் கலக்கியாச்சு, நாத்து மிதிபட்டாச்சு. கோல் ஊன்றி ஒரு பெரியவர் வர்றார். அடிக்கலை. குனிஞ்சு ஒரு பிடி சேறு அள்ளி, இது என்னன்னு கேட்டார். சேறு தாத்தா. யாரோட சேறு? உங்க சேறு தாத்தா. அப்புறம் வரப்புல தண்ணி வழியுற இடத்தைக் காட்டினார். கலங்கின தண்ணி அடுத்த வயலுக்கு இறங்குது. இறங்கின மண்ணு மேல ஏறி வருமா? வராது. இந்தச் சேறுதான் என் தாத்தாவுக்குச் சோறு போட்டது, இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் இதுதான் போடணும்னு அவருக்குத் தெரியும். வயசான காலத்துல பால் பிராண்ட் இதைக் கட்டுரையாவே எழுதினார். எத்தனை தேசம் பார்த்தவர்! அந்த ஒரு பிடி சேறு கையை விட்டுப் போகலை.

எங்க அப்பாயி ஞாபகம் வருது. கொல்லையில களை பிடுங்கினா வேரை அங்கேயே உதறணும். மண்ணோட தூக்கி எறிஞ்சா, மண்ணு என்ன உங்கப்பன் சம்பாத்தியமான்னு திட்டு விழும். எழுத்துத் தெரியாது அவங்களுக்கு. ஆனா ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் தெரியும். ஆதாமுக்குக் கர்த்தர் கொடுத்த முதல் வேலை என்ன? பண்ணையம் பார்க்கிறது மட்டுமா? காவலும் இருக்கணும். பாதி வேலையை நல்லாச் செய்றோம். மீதிப் பாதி?

எங்கே விட்டேன்? ஆங். பாலுக்கு ஒன்பது வயசு, 1923-ல படிக்க இங்கிலாந்து அனுப்புறாங்க. அப்பா வாராவாரம் கடிதம் எழுதுவார். மலையில என்ன பூத்தது, எந்தப் பறவை வந்தது, இதுல தேவனோட கை எப்படித் தெரியுதுன்னு. 1929 ஜூன்ல மலேரியா முத்தி வந்த காய்ச்சல்ல ஐயா மரிச்சார். தந்தி முதல்ல போயிடுச்சு. கப்பல்ல வந்த அப்பாவோட கடிதம் அதுக்கப்புறம்தான் மகன் கைக்குக் கிடைச்சது. அப்பா இல்லை, அப்பா பார்த்த மரமும் பூவும் கடிதத்துல வந்து சேருது. இங்க இருக்கிற அப்பாக்களே, நாம என்ன விட்டுட்டுப் போகப் போறோம்?

அம்மா மனசு மலையை விடலை. 95 வயசுல, 1974-ல மரிச்சப்போ இங்கதான் புருஷனுக்குப் பக்கத்துல அடக்கம் பண்ணினாங்க.

மகன் டாக்டராகி 1946-ல வேலூருக்கு வந்தார். குஷ்டரோகிகளோட விரல் ஏன் போகுதுன்னு தேடினார். நோய் விரலைத் தின்னலை. வலி தெரியலை! சுட்டாலும் தெரியலை, வெட்டினாலும் தெரியலை, ராத்திரி எலி கடிச்சாலும் தெரியலை. அதனால விரல் போச்சு. வலி தேவன் கொடுத்த வரம்னு உலகத்துக்கே சொன்னார்.

இப்ப நான் சொல்றதைக் கவனிங்க. மழை பெஞ்சா ஓடை சிவப்பா ஓடுதே, அது என்ன? மலையோட வலி. அதைப் பார்த்தும் நமக்கு வலிக்கலைன்னா வியாதி யாருக்கு? மலைக்கா?

சாமையும் கேழ்வரகும் போட்ட சரிவுல மரவள்ளி வச்சோம். வைக்காதேன்னு நான் சொல்லலை. கிழங்கு வித்த காசுலதான் பிள்ளைங்க படிக்குது, அது எனக்குத் தெரியும். ஆனா மேட்டுக்கும் பள்ளத்துக்குமா உழுது, கிழங்கைப் பிடுங்கிட்டு, கொல்லையை வெறுமையாப் போட்டா, வர்ற மழைக்கு மண்ணு நிக்குமா? ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு போகட்டும், மண்ணும் சேர்ந்து மலை இறங்கணுமா? சரிவுக்குக் குறுக்கே உழுங்க. வரப்புல புல்லு வையுங்க. கல்லு அடுக்குங்க. உங்க தாத்தா அடுக்கின கல்லைப் பிடுங்காமலாவது இருங்க!

கோபமாப் பேசுறேனா? அந்த நெல்வயல் பெரியவரும் பிள்ளைங்ககிட்ட அன்பாலதான் பேசினார்.

அசனம் முடிஞ்சதும் எல்லாரும் கோயிலுக்குப் பின்னால வாங்க. மேல இருந்து வர்ற வாய்க்கால்ல வரப்பு அறுந்து கிடக்கு. தம்பிங்க கல்லு எடுங்க, அம்மாமார் புல்லுக்கரணை கொண்டாங்க. ஒரு பிடி சேறாவது இன்னைக்கு மலையிலயே நிக்கட்டும்.

எழுந்து நில்லுங்க, ஜெபிப்போம்.