பதக்கமும் நடுகல்லும்

வீரத்தை அது நிகழ்ந்த காரியத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியாகப் பாராட்ட முடியுமா? முடியும் என்ற அனுமானத்தின் மீதுதான் அரசின் வீரப் பதக்கங்கள் நிற்கின்றன. 1977இல் ஜனதா அரசு பத்ம விருதுகளை நிறுத்தியது. 1980இல் அவை திரும்பி வந்தன. வீரப் பதக்கங்களை ஜனதாவும் தொடவில்லை. சேவையைச் சந்தேகிக்கலாம், உயிரைக் கொடுத்தவனைச் சந்தேகிப்பது அநாகரிகம் என்று நினைக்கிறோம். இந்த நாகரிகம் ஒரு கேள்வியையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது.

1987ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 25இல் யாழ்ப்பாணப் பகுதியில், இந்திய அமைதிப்படையின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், பதுங்கியிருந்து தாக்கிய விடுதலைப் புலிகளை எதிர்த்துப் போரிட்டு மார்பில் குண்டுபட்டு இறந்தார். பரம் வீர் சக்ரா கிடைத்தது. தமிழ்க் குடும்பத்தில் பம்பாயில் பிறந்தவர். தமிழர் மண்ணில் தமிழரோடு போரிட்டு மாண்டார். 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைக்குத் திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தில்லியின் பதக்கமும் சென்னையின் புறக்கணிப்பும் படையை அனுப்பிய முடிவைப் பற்றியவை. இறந்தவர் இரண்டுக்கும் ஒரு சாக்கு மட்டுமே.

அதே வருஷம் செப்டம்பரில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சாலைகள் மறிக்கப்பட்டன. தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய போராட்டம். 21 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில். அன்று அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் கிடைத்தது. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அந்த 21 பேருக்கு அரசே மணிமண்டபம் திறந்தது. ஆட்சி வேறு, கட்சி வேறு என்று சொல்லலாம். ஆனால் போலீஸை வைத்திருப்பதும் மண்டபம் கட்டுவதும் ஒரே அரசுதான். மாண்டவர்கள் போராளிகள் என்றால் சுட்டது என்ன காரியம்? மரியாதை செய்தவுடன் இந்தக் கேள்விக்கு அவசியம் இல்லாமல் போய்விடுகிறது.

திருவண்ணாமலையைத் தாண்டினால் செங்கம். அந்த வட்டாரத்து நடுகற்களில் மாடு மீட்டுச் செத்தவனும் உண்டு, மாடு பிடிக்கப் போய்ச் செத்தவனும் உண்டு. எடுத்தனூர்க் கல்லில் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் இடம் இருக்கிறது. இதைப் பழந்தமிழரின் பெருந்தன்மை என்று கொண்டாட நான் தயாராக இல்லை. ஒவ்வொரு கூட்டமும் தன் ஆளுக்குக் கல் நட்டது, எதிரிக்கு நடவில்லை. நடுகல்லும் கட்சி சார்ந்ததுதான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த அரசனின் ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய சேவகன், எதற்காகப் போனான் என்பதை அந்தக் கல்வெட்டுகள் சில வரிகளில் சொல்லிவிடுகின்றன. தொறு மீட்டுப் பட்டான். அல்லது தொறு கொண்டு பட்டான். பிறர் மாட்டைக் கவரப் போனதை மறைத்து வேறு பெயர் சூட்டவில்லை. பாராட்டும் காரியமும் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. படிப்பவன் வீரனை வணங்கிக்கொண்டே, அவன் போன காரியத்தையும் அனுப்பிய தலைவனையும் எடைபோடலாம்.

பதக்கத்தோடு வாசிக்கப்படும் பாராட்டுரையில் வீரன் செய்தது மட்டும் நுணுக்கமாக இருக்கும். அவனை அங்கே கொண்டு நிறுத்திய முடிவுக்கு அதில் இடமில்லை. போனது போர் செய்ய. படையின் பெயர் அமைதிப்படை. பதக்கம் ஒரு ரசீது போல ஆகிவிடுகிறது: கொடுத்தாயிற்று, பெற்றுக்கொண்டாயிற்று.

பதக்கம் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. பரமேஸ்வரனின் தைரியம் நிஜமானது. அனுப்பியவர்களின் தவறு அதைக் குறைக்காது. அதுபோலவே அவருடைய தைரியமும் அந்தத் தவறைக் குறைக்காது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாத அரசின் மரியாதை, இறந்தவனுக்குச் செய்யப்படுவதா, இருப்பவர்கள் தங்களுக்கே செய்துகொள்வதா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.