மூக்கும் முகமும்

செவிலியர் பணியைப் புகழ வருகிறவர்கள் கருணை, தியாகம், தாய்மை என்னும் உயர்ந்த சொற்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்தப் புகழுரையில் பிழை ஒன்றுமில்லை. ஆயினும், பயிற்சிக்கு வந்து முதன்முறையாக வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் இளம்பெண்ணுக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அன்று அவளை எதிர்கொள்வது நாற்றம். சீழும் மலமும் வாந்தியும் ஃபினாயிலும் கலந்து கனத்துக் கிடக்கும் அந்தக் காற்றில் வயிறு புரளும்போது, தனக்கு இரக்கமே கிடையாது போலும், இத்தொழிலுக்குத் தான் லாயக்கற்றவள் போலும் என்று அவள் தன்னைத்தானே நொந்துகொள்கிறாள். மாவட்ட மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் பணிசெய்து ஓய்வு பெற்றவள் நான். அவ்விதம் நொந்து அழுத பெண்கள் பலரை எண்ணியே இதை எழுதுகிறேன்.

அருவருப்புக்கும் இரக்கத்துக்கும் பகை இல்லை. கெட்டதை உண்ணாமலும் தொற்றை அண்டாமலும் தன்னைக் காத்துக்கொள்ளச் சரீரம் ஏற்படுத்திக்கொண்ட காவல் அது. உத்தரவு போட்டால் விலகிவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படும் விதத்தை ஆராய்ந்து 1872 இல் டார்வின் வெளியிட்ட நூலிலே அருவருப்புக்கும் இடம் உண்டு. மூக்குச் சுருங்குவதும் மேலுதடு உயர்வதும் எந்தத் தேசத்து மனிதருக்கும் பாஷையின்றியே விளங்கிவிடுகின்றன என்பதை நாங்கள் வார்டிலேயே தினந்தோறும் கண்டோம். எழுத்தறியாத கிழவியும் செவிலியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தன் புண்ணின் யோக்கியதையைத் தெரிந்துகொண்டுவிடுவாள்.

நம் நாட்டில் இந்த இயற்கையான கூச்சத்தோடு தீட்டு என்னும் எண்ணமும் சேர்ந்து அதைப் பன்மடங்காக்கிற்று. அந்நியருடைய மலமூத்திரத்தைத் தொடும் வேலைக்குப் பெண்ணை அனுப்பக் குடும்பங்கள் அஞ்சின. 1909 இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய காலத்திலும், அதற்குப் பின்னும் வெகுநாள் வரையிலும், தென்னாட்டில் இப்பணிக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களே. சேவாகிராமத்தில் அடைக்கலம் புகுந்த பர்சுரே சாஸ்திரி என்ற சமஸ்கிருத வித்துவானை, அவர் குஷ்டரோகி என்று பிறர் தயங்கியபோது, காந்தியடிகள் தம் கையாலேயே நீவிவிட்டுப் பணிவிடை செய்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அறிந்திருந்தும், "பெட் பான் எடுப்பது ஆயா வேலை" என்று சொல்லிவிட்டு அப்பால் போகும் வழக்கம் நம் ஆஸ்பத்திரிகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆயாக்களாகவும் துப்புரவுப் பணியாளராகவும் அந்த வேலையைச் சுமப்பவர்கள் எந்தச் சாதியினர் என்று கேட்டுப் பார்த்தால், அருவருப்பை வெல்லுவதற்குப் பதிலாக அதை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுவதே நம் சமூகம் கண்ட உபாயம் என்பது புலப்படும். இதை நான் மனமார வெறுக்கிறேன்.

அநியாயம் என்பதோடு, அது நோயாளிக்கு ஆபத்துமாகும். தார்போலக் கறுத்து, ஒருவித வீச்சத்தோடு போகும் மலம், இரைப்பையிலோ அதன் அருகிலோ இரத்தம் கசிவதைச் சொல்லுகிறது. கஞ்சித் தண்ணீர்போலப் போனால் காலராவை நினைக்க வேண்டும். களிமண்போல வெளிறியிருந்தால் பித்தநீர் குடலுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். 1859 இல் வந்த தம் நூலிலே நோயாளியைக் கூர்ந்து நோக்குவதற்கென்றே நைட்டிங்கேல் அம்மையார் ஓர் அத்தியாயம் ஒதுக்கியது காரணமில்லாமல் அன்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை மூடுகிறவளுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. நிறம் என்ன, அளவு என்ன, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கத் தொடங்கிய கணத்தில் அருவருப்பு அடியோடு மறைந்துவிடுவதில்லை. ஆனால் மனத்தின் முன்வரிசையை விட்டுப் பின்னே போய் உட்கார்ந்துகொள்கிறது. எனக்குத் தெரிந்த வழிகளுள் இதுவே தலையாயது.

சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் சுற்றுகளைக் கழற்றியபின், கடைசி காஸ் துணி சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்க்கக் கூடாது. சலைன் ஊற்றி ஊறவிட்டுக் காத்திருக்க வேண்டும். செய்வதற்கு வேறு வேலை இல்லாத அந்தச் சில நிமிஷங்களிலேதான் நாற்றம் முழுமையாக மேலே எழும். நோயாளியும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளங்கால் அழுகிய பெரியவர் ஒருவர் ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "ரொம்ப நாறுது இல்ல தாயி? பேரப்பிள்ளைகளே கிட்ட வரமாட்டேங்குதுக" என்றார். நாற்றமே இல்லை என்று ஆறுதலாகப் பொய் சொல்லுவது எளிது. அவருக்கும் மூக்கு இருக்கிறதே! "நாறத்தான் செய்யுது ஐயா, ஆனா முந்தாநாளைக்கு இன்னைக்குக் குறைஞ்சிருக்கு" என்றேன். அது வாஸ்தவம். காற்றுப்படாமல் வளரும் கிருமிகளால் எழுந்த அழுகல் வாடை, அழுகிய சதையை டாக்டர் வெட்டி எடுத்து மெட்ரோனிடசோலும் கொடுத்தபின் தணிந்திருந்தது. அவர் திரும்பித் தம் காலைத் தாமே பார்த்தார். அதன்பின் ஒவ்வொரு கட்டுக்கும், "இன்னைக்கு எப்படி?" என்று அவரே கேட்கலானார். எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த லஜ்ஜை விலகி, அந்த நாற்றம் நாங்கள் சேர்ந்து கவனிக்கிற ஒரு விஷயமாகிவிட்டது. அருவருப்பில் நம் பங்கு வயிற்றுப் புரட்டல் மட்டுமே. அதை உண்டாக்கிவிட்டோமே என்ற வெட்கத்தோடு படுத்துக் கிடக்கும் நோயாளியின் பங்கு அதைவிடப் பெரிது.

சிறு உபாயங்களும் உண்டு. வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகலாகாது; மயங்கி விழும் மாணவிகளிற் பலர் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். மாஸ்க்கின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் உதவும். நாசி சில நிமிஷங்களில் எந்த வாடைக்கும் பழகி மந்தமாகும் ஸ்வபாவமுடையது. ஆகவே, வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே டிரேயில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரேயடியாக நின்று முடிப்பவளுக்குக் கஷ்டம் குறைவு, வராந்தாவுக்கு ஓடி ஓடித் திரும்புகிறவளுக்கோ ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே வந்து தாக்கும். இரத்தத்தையும் மலத்தையும் பொருட்படுத்தாதவள் சளியை உறிஞ்சி எடுக்கும்போது குமட்டுவாள். ஆளுக்கு ஒன்று உண்டு, அதைத் தோழியிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொள்வதில் இழிவில்லை. எத்தனை முறை சோப்புப் போட்டும் மனம் ஒப்பாமல், கையால் சோறு பிசைய முடியாமல் மாதக்கணக்கில் ஸ்பூனால் சாப்பிட்ட பெண்களை அறிவேன். அதுவும் தானே சரியாயிற்று; யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

வார்டுப் பொறுப்பிலுள்ள மூத்த சகோதரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதிதாக வந்த பெண் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினால், நோயாளிகளின் எதிரில் அவளை அதட்டாதீர்கள். அந்தக் கட்டை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். முகம் கழுவி ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு அவள் வந்ததும், கத்தரிக்கோலை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுக் கட்டிலின் அடுத்த பக்கத்தில் நின்று, புண்ணில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள்.