எதைச் சுமந்து மலையேறுவது?

இலங்கையின் மலைநாட்டில் 7,359 அடி உயரத்தில் தனித்தெழுந்து நிற்கும் சிவனொளிபாத மலையைச் சைவர்கள் சிவபெருமானின் திருவடி பதிந்த தலமென்றும், பௌத்தர்கள் புத்தபிரானின் பாதம் பதிந்த ஸ்ரீபாதமென்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் அடிச்சுவட்டைத் தாங்கிய சிகரமென்றும் போற்றி வருகின்றனர். டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியில் நிறைவெய்தும் யாத்திரைக் காலத்தில், அடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து நள்ளிரவிலே புறப்பட்டு, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி, உச்சியில் சூரியோதயத்தைத் தரிசித்துவிட்டு முற்பகலிலேயே இறங்கிவிடுகின்றவர்கள் பலர்; ஆகவே இக்காலத்தவர் ஒருநாள் மலைநடை என்று சொல்லும் பயணங்களுள் இதுவும் ஒன்றாகும். முதல் தடவை ஏறப்போகிறவன், எதை உடுப்பது, எதைக் கொண்டுபோவது என்று யாரையாவது கேட்கின்றான். கடைக்காரர் ஒருவரே விடையளித்துவிடக்கூடிய கேள்வியாகத்தான் அது தோன்றும். ஆயினும் அதன் உள்ளே ஒரு பழைய தர்மவிசாரம் மறைந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்: தெய்வத்தை நம்பிப் புறப்படுகிறவன் தன் தோளில் எவ்வளவு சுமக்கலாம்?

ஒன்றுமே வேண்டாம் என்பது ஒருசாரார் விடை. கம்பளியை மடித்து எடுத்து வைக்கும்போதே விசுவாசம் குறைந்துவிட்டது என்றும், குளிரும் பசியும் கால்வலியும் யாத்திரையின் அங்கங்களே என்றும், அவற்றைத் தடுக்கக் கருவி தேடுகிறவன் யாத்திரிகனல்லன் என்றும் அவர்கள் சொல்லுவார்கள். மற்றொரு சாராரோ, நேரக்கூடிய ஒவ்வோர் இடருக்கும் ஒவ்வொரு பொருளை விலைகொடுத்து வாங்கி, புதியவனின் முதுகில் அவனுடைய பயத்தையெல்லாம் மூட்டையாகக் கட்டி ஏற்றிவிடுகின்றனர். இவ்விரு சாராரையும் கேட்டுக் குழம்பி நிற்பவன் விநயபிடகத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. பௌத்தத் துறவிகளுக்காக வகுக்கப்பட்ட விதிநூலேயாயினும், வழிநடைக்கு எது அவசியம் என்பதை அதைப்போல் நுணுகி ஆராய்ந்த பழைய நூலை நான் அறியேன்.

மகாவக்கம் என்னும் பகுதியில் ஒரு சம்பவம் வருகிறது. இராசகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் பெருவழியிலே புத்தர் நடந்துகொண்டிருந்தபோது, பிக்குகள் பலர் தலையில் ஒரு துணிமூட்டையும், தோளில் ஒன்றும், இடுப்பில் ஒன்றுமாகச் சுமந்து வருவதைக் கண்டார். வீட்டைத் துறந்தவர்கள் இத்தனை விரைவில் துணிப்பெருக்கத்துக்குத் திரும்பிவிட்டார்களே என்று அவர் வருந்தினார்; சீவரம் எனப்படும் துறவாடைக்கு ஓர் எல்லை வகுக்கவேண்டும் என்றும் எண்ணினார். ஆனால் அந்த எல்லையை அவர் சிந்தனையினால் மட்டும் முடிவு செய்துவிடவில்லை. வைசாலியில் கோதமக சேதியத்திலே, பனி விழும் கடுங்குளிர்கால இரவொன்றில், ஒற்றைச் சீவரத்துடன் திறந்தவெளியில் அமர்ந்தார். தொடக்கத்தில் குளிரவில்லை. முதல் யாமம் கழியும்போது குளிர்ந்தது. இரண்டாவது சீவரத்தைப் போர்த்துக்கொண்டார், குளிர் நீங்கிற்று. நடு யாமம் கழியும்போது மறுபடியும் குளிர்ந்தது, மூன்றாவதைப் போர்த்தார். கடை யாமம் முடிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில் மீண்டும் குளிர் வந்து தாக்க, நான்காவதையும் எடுத்துப் போர்த்தார். குளிர் பொறாத மென்மையான தேகமுடையவரும் இவ்வளவு இருந்தால் காலந்தள்ள முடியும் என்பதை அவ்விரவிலே தம் சரீரத்திற் கண்டறிந்த பின்னரே, இடையில் உடுப்பது ஒன்று, மேலே போர்ப்பது ஒன்று, இரட்டை மடிப்பாகத் தைத்த புறப்போர்வை ஒன்று ஆக மூன்று சீவரங்களை அனுமதித்தார். இரட்டை மடிப்பை இரண்டாகக் கொண்டால், அவ்விரவில் தேவைப்பட்ட நான்கு படைகளும் அந்த மூன்றிலே அடங்கிவிடுவதைக் காணலாம்.

இந்தச் சம்பவத்தை நினைக்குந்தோறும் என் மனத்தில் வியப்பு நிறைகின்றது. ஆசையைத் துறக்கச் சொன்னவர், குளிரைத் துறக்கச் சொல்லவில்லை. தம்மால் தாங்க முடிந்த அளவையே பிறருக்கும் விதித்திருக்கலாம். அப்படியன்றி, தாங்க மாட்டாதவனை மனத்தில் வைத்து எல்லையை வரைந்தார். உடைமை சேர்க்காமையாகிய அபரிக்கிரகம் என்ற விரதத்துக்கு அளவுகோல் வேண்டுமானால், அது ஏட்டிலிருந்தும் வராது, அச்சத்திலிருந்தும் வராது. இரவெல்லாம் விழித்திருந்து சரீரத்தைப் பரீட்சித்த அந்தப் பொறுமையிலிருந்துதான் வரவேண்டும்.

மலையேறுகிறவர்களுக்கு இன்று அனுபவசாலிகள் சொல்லும் உடைமுறையும் ஏறக்குறைய இதுவே. உடலோடு ஒட்டி வியர்வையை வெளியேற்றும் மெல்லிய உடை, அதன்மேல் வெப்பத்தைக் காக்கும் கம்பளி, அதற்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் புறவுடை என மூன்று படைகளாக உடுத்து, வேண்டும்போது கழற்றியும் அணிந்தும் கொள்ளவேண்டும். ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் காற்று குளிர்வது பொதுவிதி. நல்லதண்ணியிலிருந்து உச்சிவரையுள்ள ஏற்றமும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டரே. அதனோடு சிகரத்தில் ஓயாது வீசும் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் புதியவனை ஏமாற்றுவது இந்தக் கணக்கன்று. படி ஏறும்போது குளிர் தெரிவதேயில்லை. சரீரம் கொதிக்கிறது, பருத்திச் சட்டை வியர்வையில் தோய்கிறது, இவ்வளவுதானா மலைக்குளிர் என்று அவன் எண்ணுகிறான். பின்னர் உச்சியில் சூரியனுக்காகக் காத்து நிற்கையில், ஒரு கிராம் ஈரம் உலர ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகும் என்ற இயற்கை நியதி வேலை செய்யத் தொடங்குகிறது. நனைந்த பருத்தி அந்த வெப்பத்தை அவன் தேகத்திலிருந்தே பறிக்கிறது. வெள்ளைப் பருத்தி உடுத்துப் போவது யாத்திரையின் பண்பாடு. அதை விடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உலர்ந்த மாற்றுடை ஒன்றையும் கம்பளிச் சட்டையொன்றையும் நீர் புகாத உறையிலிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, உச்சி சேர்ந்ததும், குளிர் தொடங்குவதற்கு முன்பே, ஈரத்தைக் களைந்து உடுத்திக்கொள்ள வேண்டும் என்றே சொல்லுவேன்.

பாதரட்சையைப் பற்றியும் விநயத்தில் ஒரு வரலாறு உண்டு. சம்பா நகரத்துச் செல்வக்குமாரன் சோணன் கோளிவிசன், உள்ளங்காலில் மென்மயிர் முளைத்திருக்கும் அளவுக்கு மென்மையாக வளர்க்கப்பட்டவன். பிம்பிசார மன்னனே அந்தப் பாதங்களைக் காண விரும்பி அழைப்பித்தான் என்பர். அவன் துறவு பூண்டு, இராப்பகலாக நடந்து தியானம் செய்ததில் கால்கள் வெடித்து நடைபாதை இரத்தமயமாயிற்று. யாழின் நரம்பை எடுத்துக்காட்டிப் புத்தர் அவனுக்கு உபதேசித்ததைப் பலரும் அறிவர். அதன் பின் நிகழ்ந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஓரடுக்குத் தோலாலான செருப்பை அணிந்துகொள் என்று புத்தர் அவனுக்கு மட்டும் அனுமதி கொடுக்க, வண்டி வண்டியாகப் பொன்னைத் துறந்துவந்தவன் ஒரு செருப்பில் ஆசை வைத்தான் என்று உலகம் பேசும், சங்கம் முழுவதற்கும் அனுமதித்தால் நானும் அணிவேன், இல்லையேல் அணியேன் என்றான் சோணன். புத்தரும் எல்லோருக்கும் அனுமதித்தார். மேலும், அவந்தி நாடு முதலிய எல்லைப்புறங்களில் நிலம் கரடுமுரடாய் மாட்டுக் குளம்புகளால் மிதிபட்டுக் கெட்டித்திருக்கிறது என்று விண்ணப்பம் வந்தபோது, அந்நிலங்களில் வாழ்வோர் பல அடுக்குச் செருப்பு அணியலாம் என்று விதியைத் தளர்த்தவும் செய்தார். விதி ஒன்றே எனினும் நிலத்துக்கேற்ப அது நெகிழ்ந்தது.

இங்கே ஒருவர் எதிர்வாதம் எழுப்பக்கூடும்: எழுபது வயதைக் கடந்த மூதாட்டிகள் வெறுங்காலோடு சிவனொளிபாத மலையை ஏறி இறங்குகிறார்களே, அவர்களுக்கு எந்தச் சப்பாத்து இருந்தது? அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். தேயிலைத் தோட்டத்துச் சரிவுகளிலும் வயல் வரப்புகளிலும் ஆயுள் முழுதும் நடந்து உரமேறிய பாதம் அது; மேலும் அவர்கள் தனியே வருவதும் இல்லை. சிங்கள யாத்திரிகர்கள், பலமுறை ஏறி வழியறிந்த நடே குரா என்னும் தலைவரின்கீழ்க் கூட்டமாகவே ஏறுவது நெடுநாள் வழக்கம். நகரத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்பவன் அந்த மூதாட்டியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி எறிந்தால், அவளுடைய பக்தி அவனுக்கு வந்துவிடாது, கொப்புளந்தான் வரும். அவன் அணியவேண்டியது, ஈரமான சீமெந்துப் படியில் வழுக்காத அடியும், இறங்கும்போது விரல்கள் முன்னால் மோதாதபடி சற்று இடமும் உள்ள சப்பாத்து. அதையும் யாத்திரைக்கு முதல்நாள் வாங்காமல், சில வாரங்கள் வீதியில் அணிந்து நடந்து பாதத்துக்குப் பழக்கியிருக்க வேண்டும். ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலை வருத்துவது. ஆதலால் கையில் ஒரு கோல் இருப்பதை முதுமையின் அடையாளமாக எண்ணி ஒதுக்கலாகாது.

விளக்கின் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். யாத்திரைக் காலத்தில் வழிநெடுக மின்விளக்கு எரிகிறது. ஏனைய மாதங்களில் இருளே துணை. திகம்பர சமண முனிவர்கள் மயிற்பீலியும் கமண்டலமும் அன்றி வேறு உடைமையின்றி நாடெங்கும் நடந்தே செல்கின்றனர். உடையையே துறந்த அவர்கள் இரவில் வழிநடப்பதில்லை. காணாமல் மிதித்து ஓர் உயிரைக் கொன்றுவிடலாகாது என்பதற்காக இருட்டுமுன் ஓரிடத்தில் தங்கிவிடுவர். விளக்கைத் துறந்தவர்கள் இரவுப் பயணத்தையும் சேர்த்தே துறந்திருக்கிறார்கள். விளக்கை மட்டும் துறந்துவிட்டு இரவை வைத்துக்கொள்ள விரும்புகிறவனுடைய துறவு எத்தகையது என்பதை அவனே சிந்திக்கட்டும்.

உணவும் நீரும் பற்றிய விதிகளில்தான் இந்த விசாரத்தின் உயிர் இருக்கிறது. மெண்டகன் என்ற இல்லறத்தான், நீரும் சோறும் அரிதான காட்டுவழிகள் உண்டு, வழியுணவு இல்லாமல் அவற்றைக் கடத்தல் எளிதன்று என்று முறையிட, அரிசியும் பயறும் உப்பும் வெல்லமும் எண்ணெயும் நெய்யும் வேண்டியவர் தேடி எடுத்துச் செல்லலாம் என்று புத்தர் அனுமதித்தார். அன்றாடம் பிச்சையேற்று உண்ணவேண்டியவர்களுக்கே வழியின் கடுமையை முன்னிட்டு இவ்வளவு இடமளிக்கப்பட்டது. ஆனால் விநயத்தின் மற்றொரு பகுதியாகிய சுல்லவக்கத்தில் வரும் நீர்வடிகட்டியின் கதையோ நெஞ்சை உலுக்குவது. கோசல நாட்டில் இரு பிக்குகள் ஒருங்கே வழிநடந்தனர். ஒருவர் தகாத நடத்தையில் ஈடுபட, மற்றவர் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவர் மனத்தில் வன்மம் வைத்துக்கொண்டார். பின்னர்க் கண்டித்தவருக்குத் தாகம் எடுத்தது. நீரிலுள்ள சிற்றுயிர்களைக் கொல்லாது குடிக்கும்பொருட்டு அவர் வடிகட்டியைக் கேட்டார். வன்மம் கொண்டவர் கொடுக்கவில்லை. கேட்டவர் தாகத்தினாலேயே மாண்டுபோனார். இதைக் கேள்வியுற்ற புத்தர், வழிநடக்கும் பிக்கு வடிகட்டியைக் கேட்டால் மறுக்கக்கூடாது என்றும், வடிகட்டி இல்லாமல் எவரும் பிரயாணம் புறப்படக்கூடாது என்றும் இரண்டு விதிகளைச் செய்தார்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்கிறது. பையிலிருக்கும் பொருள் எனக்கு மட்டும் உரியதன்று. வழித்துணை கேட்கும் கணத்தில் அது அவனுடையதாகிவிடும். அவ்வாறே, நான் எடுத்துவராத பொருளும் என்னை மட்டும் பாதிப்பதன்று. அதன் பாரத்தை வேறொருவர் தோள் ஏற்கவேண்டி வரும். கம்பளியை விசுவாசக் குறைவென்று ஒதுக்கிவிட்டு வந்த இளைஞன் உச்சியில் பல்லடித்து நடுங்கும்போது, பக்கத்தில் நிற்கும் யாரோ ஒரு தாய் தன் போர்வையை எடுத்து அவனுக்குக் கொடுக்கிறாள். அவனுடைய தவத்துக்கு விலை கொடுத்தவள் அவள். தெய்வத்தின் அனுக்கிரகம் அவள் கையின் வழியாக வந்தது என்று அவன் சொல்லலாம், அது உண்மையுமாகலாம். ஆனால் அன்றிரவு குளிரில் நின்றவள் அவளே என்பதை மறந்துவிட்டு அவன் தன் விசுவாசத்தைப் பெருமையாகப் பேசினால், அதை நான் பக்தி என்று ஏற்கமாட்டேன். இக்காரணத்தினாலேதான், சற்றே மிகுதியாக உணவும் நீரும் உலர்ந்த உடையும் கொண்டுபோவதைப் பேராசையின் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரில் 1906-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மலையேறுவோர் கழகத்தார், 1930-களில் தம் மாணாக்கருக்கென்று வகுத்த பத்து அவசியப் பொருள்களின் வரிசையிலும், வரைபடம், திசைகாட்டி, கைவிளக்கு, முதலுதவிப் பொருள், தீப்பெட்டி, கத்தி ஆகியவற்றோடு உபரி உணவும் உபரி உடையும் இடம்பெற்றன. எதிர்பாராத இரவு ஒன்று தமக்கோ துணைவருக்கோ நேர்ந்துவிட்டால் என் செய்வது என்ற கவலையே அந்த உபரியைக் கட்டச் செய்தது.

சிவனொளிபாத மலைக்கு ஏறும் வழியில் இந்திகட்டுபான என்று ஓரிடம் இருக்கிறது. புத்தபிரான் அங்கே தங்கித் தம் சீவரத்தின் கிழிசலைத் தைத்தார் என்பது பௌத்த யாத்திரிகரின் நம்பிக்கை. முதன்முறை ஏறுகிறவர்கள் அவ்விடத்தில் நூல்கோத்த ஊசியைச் சாத்தி, நூலை வழிநெடுக இழுத்துக்கொண்டு போவார்கள். ஊசியும் பிக்குவின் எட்டு உடைமைகளுள் ஒன்று: சீவரம் மூன்று, பாத்திரம், இடைக்கச்சு, சவரக்கத்தி, நீர்வடிகட்டி, ஊசி. புதியது வாங்குவதற்குப் பதிலாக இருப்பதைத் தைத்துக்கொள்ளும் கருவி அவசியப் பொருள்களில் ஒன்றாக எண்ணப்பட்டதை, மலைநடைக்கென்றே விலையுயர்ந்த உடைகளை விற்போரும் வாங்குவோரும் கவனித்தல் நலம்.

ஏனெனில் கைப்பொருள் இல்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது. வடிகட்டி விதிக்குப் புத்தர் ஒரு விலக்கும் சேர்த்திருக்கிறார்: வடிகட்டி கிடைக்காதவன் தன் மேலாடையின் ஓரத்தையே வடிகட்டியாக மனத்தில் உறுதி செய்துகொண்டு புறப்படலாம். இதைப் பின்பற்றினால், மலையுடை வாங்க வசதியற்ற தொழிலாளி வீட்டிலுள்ள பழைய கம்பளிச் சட்டையையும், இரண்டாவது படையாக இன்னொரு சட்டையையும், மழையைத் தடுக்கப் பெரிய பிளாஸ்டிக் விரிப்பொன்றையும், கொதித்தாறிய நீரை இரண்டு போத்தல்களிலும், ஒரு பொட்டலம் கருப்பட்டியும் வறுத்த கடலையும் எடுத்துக்கொண்டு, தன்னிலும் ஏழையொருவன் வழியில் கேட்டால் பகிர்ந்து கொடுப்பதென்ற தீர்மானத்தோடு புறப்படலாம். வெறும் போத்தல்களையும் விரிப்பையும் மலையில் விட்டுவிடாமல் திரும்பக் கொண்டுவரவும் வேண்டும்.