கேட்கத் தெரிந்தவர் பேசட்டும்

திருஅவைப் பணியாளருக்கு ஊடகப் பயிற்சி தேவையா என்ற கேள்விக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்றே பதில் சொல்லிவிட்டது. சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய அதன் ஆணை, குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் இத்துறையில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதன் பிறகு பல நாடுகளில் பயிற்சிகள் பெருகின. கேமரா முன் பேசுவது, செய்திக்குறிப்பு எழுதுவது, காணொளி தொகுப்பது எல்லாம் கற்றுத்தரப்படுகின்றன. இவை வேண்டும்தான். ஆனால் மக்கள் சொல்வதைக் கேட்கும் பயிற்சி இவற்றுக்கு முன்னால் வர வேண்டும். அது இல்லாமல் பேச்சுத்திறனை மட்டும் வளர்த்தால் நற்செய்தியின் இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கொலம்பியாவின் சுத்தாத்தென்சா என்ற மலைக் கிராமத்தில் 1947இல் ஹோசே ஹோவாக்கின் சால்செதோ என்ற இளங்குரு ஒரு சிறு வானொலி தொடங்கினார். விவசாயக் குடும்பங்கள் அக்கம்பக்கத்து வீடொன்றில் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து எழுத்தும் கணக்கும் படித்தன. பாடம் தொலைவிலிருந்து வந்தது. ஆனால் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர் அந்த ஊரிலேயே கொஞ்சம் படித்தவர். எழுதப் பழகியவர்கள் நிலையத்துக்குக் கடிதம் போட்டார்கள். பயிர், பிள்ளைகள், கடன் என்று வந்து குவிந்தவை பத்து இலட்சத்துக்கும் மேல். அவற்றுக்குப் பதில் எழுதத் தனிப் பிரிவே இருந்தது. அந்த வானொலியின் வலிமை ஒலிபரப்புக் கோபுரத்தைவிட அந்தப் பிரிவில்தான் இருந்தது என்பேன். இதற்கு நேர்மாறானது பாஸ்டன். அந்த உயர்மறைமாவட்டத்துக்குச் சொந்த வார இதழ் இருந்தது, தொடர்புத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் சிறாரைச் சீரழித்த குருக்களைப் பங்கு பங்காக மாற்றி மறைத்ததை 2002 ஜனவரியில் வெளியே கொண்டுவந்தது ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ். பாதிக்கப்பட்டவர்களும் பெற்றோரும் பல ஆண்டுகளாக முறையிட்டும் கேளாத காது அது. அந்த ஆண்டு டிசம்பரில் அதன் பேராயர் கர்தினால் பெர்னார்டு லா பதவி விலகினார். எந்த ஊடகப் பயிற்சியும் அந்தக் காயத்தை மூடியிருக்காது; மூடியிருந்தால் அது இன்னொரு பாவம்.

என்ன பேசுவது என்று கவலைப்படாதீர்கள், தூய ஆவியார் பேசுவார் என்று இயேசுவே சொன்னாரே, பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது நீதிமன்றத்துக்கு இழுத்துச்செல்லப்படும் சீடருக்குச் சொன்ன ஆறுதல். மறையுரை தயாரிக்க ஒரு வாரம் இருந்தும் சும்மா இருப்பவருக்கு அது சலுகை ஆகாது. இன்னொரு கேள்வி கனமானது: பொய் இவ்வளவு திறமையோடு பரவும் காலத்தில் கேட்டுக்கொண்டே இருந்தால் ஏழைகளின் குரல் எடுபடுமா? நியாயமான கவலை. அதனால்தான் கருவித்திறனும் வேண்டும் என்கிறேன். ஆனால் ஏழை என்ன சொல்கிறார் என்று அறியாதவர் கையில் அந்தத் திறன் ஏழையின் குரலைச் சுமக்காது. அவர் பெயரில் தன் குரலையே உரக்கச் சொல்லும். திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்திக்குக் கேட்டலையே பொருளாக எடுத்ததும் காரணத்தோடுதான். பயிற்சி நடத்துவோர் முதல் வாரம் ஒலிவாங்கியைக் கொடுக்க வேண்டாம். பணியாளர்களைப் பங்கு மக்களின் வீடுகளுக்கு அனுப்பட்டும். கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டவர்களின் வீடுகளுக்கு முதலில்.