எந்த எழுத்தில் நிற்கிறது?

கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டே ஆங்கில எழுத்து வந்து நிற்கும். அதற்கு மேல் எதுவும் நகராது. தொண்ணூறுகளில் லினக்ஸை நிறுவிப் பார்த்தவர்களில் பலருக்கு இந்தத் திரை இன்னும் ஞாபகமிருக்கும். எனக்கு அது வெறும் ஞாபகமாக நின்றுவிடவில்லை. மனிதர்களிடமும் பொருள்களிடமும் நான் எதை எதிர்பார்க்கிறேன் என்பதை அதுதான் தீர்மானித்தது.

அந்நாளில் லினக்ஸைக் கிளப்பிவிட்டு, அந்த எழுத்துகளைத் திரையில் போட்ட சிறு நிரலுக்கு லிலோ என்று பெயர். எழுதியவர் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர். அன்றைய கம்ப்யூட்டரைப் போட்டவுடன் அதன் பயாஸ் என்ற அடிப்படை நிரல் ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டரை மட்டும் படித்து, அதில் இருப்பதை ஓடவிடும். ஒரு செக்டருக்கு 512 பைட். பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, கடைசியில் வரும் அடையாளத்துக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446. அதற்குள் அடங்கும் ஒன்றுதான் அடுத்த கட்டத்தைத் தேடிப்பிடித்து நினைவகத்தில் ஏற்ற வேண்டும். விளக்கம் சொல்ல இடமே கிடையாது. ஆனாலும் அந்த நெருக்கடியில் அவர் சில பைட்டுகளை நமக்காக ஒதுக்கினார். லிலோ தன் பெயரின் எழுத்துகளை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்றாகத் திரையில் போடும். முதல் எல் வந்தால் முதல் கட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. ஐ வந்தால் இரண்டாம் கட்டம் ஏறிவிட்டது. அடுத்த எல், அந்த இரண்டாம் கட்டமும் ஓடத் தொடங்கியதற்குச் சாட்சி. ஓ வந்துவிட்டால் வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. முதல் எல்லுக்குப் பிறகு எண்கள் வரிசையாக ஓடினால் வட்டைப் படிப்பதில் என்ன சிக்கல் என்பதை அந்த எண்ணே சொல்லும்.

அப்போது திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பழகிக்கொண்டிருந்தேன். பிசி குவெஸ்ட் இதழோடு வந்த லினக்ஸ் சிடி எங்களுக்குப் பெரிய புதையல். ஆனால் அங்கிருந்த பழைய 486 பெட்டிக்கு சிடியிலிருந்து கிளம்பத் தெரியாது. அந்த வசதிக்கான வரையறையே 1995இல்தான் வந்தது. ஆகவே பிளாப்பிதான் கதி. டாஸில் ராரைட் என்ற நிரலை ஓட்டி, ஒரு பிளாப்பியில் லினக்ஸின் மையமான கர்னலையும் இன்னொன்றில் ரூட் கோப்பமைப்பையும் எழுதுவோம். ஒரு பிளாப்பியில் 80 தடம், இரண்டு பக்கம், தடத்துக்கு 18 செக்டர். ராரைட் அதைச் செக்டர் செக்டராக நிரப்பும். நடுவில் ஒரே ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் அந்தப் பிளாப்பி உதவாது. முதல் பிளாப்பியிலிருந்து கர்னல் ஏறி முடிந்ததும், ரூட் பிளாப்பியைப் போட்டு என்டரைத் தட்டச் சொல்லித் திரையில் ஒரு வரி வரும். டிரைவ் கரகரவென்று படிக்கும் சத்தத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம்.

சென்டர் நடத்திய அண்ணன், இயந்திரம் நின்றுவிட்டது என்று யார் போய்ச் சொன்னாலும் கேட்பது ஒன்றுதான்: "எந்த எழுத்துல நிக்குது?" என்ன பண்ணித் தொலைச்ச என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எழுத்தைச் சொன்னால், அதுவரைக்கும் சரியாக வந்திருக்கிறது, இனி இந்த இடத்தை மட்டும் பார்ப்போம் என்பார். எல்-ஐயில் நின்றால் ஹார்ட் டிஸ்கின் அளவுகளை பயாஸ் ஒரு மாதிரியும் லினக்ஸ் ஒரு மாதிரியும் எண்ணியிருக்கலாம். பிளாப்பி வழியாக உள்ளே போய் அமைப்பைச் சரிசெய்து லிலோவை மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படிப் பேசுவது புதிதல்ல. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பிரிந்துபோனவர்கள் போனில் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். "நிருதி லிங்கம் தாண்டிட்டேன்." "நாங்க குபேர லிங்கத்துல உக்காந்திருக்கோம், நீ மெதுவா வா." அஷ்ட லிங்கங்களில் எதைத் தாண்டினார், எதற்கு முன்னால் கால் வலித்து உட்கார்ந்தார் என்று தெரிந்தால் போதும். காத்திருப்பதா, எதிரே போய்க் கூட்டிவருவதா என்று மற்றவர் முடிவு செய்துகொள்வார்.

அன்றைய லினக்ஸ் சாகும்போதுகூட நின்ற இடத்தைச் சொல்லும் அந்தப் பண்பைக் கைவிடாது. ரூட் கோப்பமைப்பு கிடைக்காவிட்டால் கர்னல் நின்றுவிடும். ஆனால் எதைத் தேடி ஏமாந்தது என்று 03:01 போன்ற எண்ணோடு சொல்லிவிட்டுத்தான் நிற்கும். முதல் ஐடிஇ வட்டின் முதல் பார்ட்டிஷன் என்று அதற்குப் பொருள். கரண்ட் போய் வந்த பிறகு கிளப்பினால், போனமுறை ஒழுங்காக மூடப்படவில்லை, சோதித்துவிட்டுத்தான் தொடருவேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிடும். எங்கள் ஊரின் கோடைக்கால மின்வெட்டில் அந்த வரியை நாங்கள் அடிக்கடி படித்தோம்.

இன்று கையிலிருக்கும் போனில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அது தடுமாறும்போது வரும் செய்தி: ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலவும். ஓர் எழுத்தைக் காட்டவும் யோசிக்கவேண்டிய இடத்தில் ஒருவர் நமக்காக நான்கு எழுத்தைக் காட்டினார். ஒரு பக்கமே எழுதலாம் என்ற இடத்தில் இப்போது ஒன்றுமே சொல்லப்படுவதில்லை. மக்களுக்குப் புரியாது, பயந்துவிடுவார்கள் என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. எங்கே நின்றது என்று தெரியாததுதான் அதிகம் பயமுறுத்துகிறது.

அம்மாவின் அறுவை சிகிச்சையன்று இதை உணர்ந்தேன். மருத்துவமனை நடையில் யாரைக் கேட்டாலும் "பார்த்துக்கிட்டிருக்காங்க, உக்காருங்க" என்றார்கள். வயதான நர்ஸம்மா ஒருவர் மட்டும் வெளியே வந்து, "இன்னும் மயக்க மருந்து குடுக்கல தம்பி. பிரஷர் இறங்கல. இறங்கினதும் ஆரம்பிச்சிடுவாங்க" என்றார். நல்ல செய்தி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அதுவரை அந்தக் கட்டிடம் முழுக்கப் பரவியிருந்த என் பயம் பிரஷர் என்ற ஓர் இடத்துக்கு வந்து அடங்கியது. அவர் என்னை விவரம் தெரிந்துகொள்ளத் தகுந்தவனாக நடத்தினார். அந்த மரியாதை இன்றும் மனதில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் இப்படி எழுத்து கிடைக்காது என்பதும் தெரியும். மனம் உடைந்து உட்கார்ந்திருப்பவரிடம் எந்தக் கட்டம் என்று கேட்பது கொடுமை. அவருக்கே தெரியாது. அங்கே பக்கத்தில் உட்காருவது மட்டும்தான் செய்யக்கூடியது. ஆனால் நாம் நாள்தோறும் ஒருவரையொருவர் தவிக்கவிடும் இடங்களில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. அலுவலகத்தில் நகராமல் கிடக்கும் கோப்பு, திருப்பித் தரமுடியாத கைமாற்று, கணக்கு வரவில்லை என்று நோட்டை மூடிவைக்கும் பிள்ளை: இவற்றிலெல்லாம் நின்ற இடம் யாராவது ஒருவருக்குத் தெரிந்தே இருக்கிறது. சொல்வதில்லை.

எங்கள் ஊர்க் கோயிலின் ராஜகோபுரத்துக்கு எதிரே பூ விற்கும் அம்மாவின் தட்டில் இப்போது கியூஆர் அட்டை இருக்கிறது. பணம் அனுப்பியவர் போனைக் காட்டுகிறார்; சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது; அந்த அம்மாவுக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. முப்பது ரூபாய் அனுப்பியவர் கணக்கிலிருந்து கழிந்ததா, நடுவில் நிற்கிறதா, கிளம்பவே இல்லையா? இருவருக்கும் தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்க்கும்படி ஆகிவிடுகிறது. இந்த ஊரிலிருந்து படித்துப்போய் மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்பது இதைத்தான்: அந்தச் சக்கரத்துக்குக் கீழே, தமிழில், பணம் எதுவரை போயிருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள்.